கடலோர வீட்டில் ஸ்பீக்கர் ஒயர் பச்சை பிடித்தால்

குளச்சலில் கடலோர வீடு, திருகி மாட்டிய ஒயர் முனை பச்சை பிடிக்கிறது, இடது ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறது, முனைக்குப் பனானா பிளக் (துளையில் செருகும் குச்சி வடிவம்) போடவா, ஸ்பேட் (திருகுக்கு அடியில் மாட்டும் கவை வடிவம்) போடவா என்று கேட்டிருந்தீர்கள். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர் இரு பக்கமும் பைண்டிங் போஸ்ட் (நடுவில் துளையுள்ள திருகு முனை) என்பதால் தங்க முலாம் பூசிய, திருகு வைத்த 4 மிமீ பனானா பிளக் வாங்குங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இரு பக்கமும் சேர்த்து மொத்தம் 8 வேண்டும். போஸ்டின் துளையில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் நெம்பி எடுத்துவிடுங்கள்.

பிளக்கை விட ஒயர்தான் முக்கியம். அந்தப் பச்சைக் களிம்பு இன்சுலேஷனுக்குள்ளும் ஏறியிருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டித் தள்ளுங்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், உப்புக்காற்றில் நிற்காது. நீங்கள் சொன்ன 8 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் சுத்தச் செம்பு தாராளம்.

ஆம்பை அணைத்துவிட்டு, 10 முதல் 12 மிமீ உரித்து, முறுக்கி, உள்ளே விட்டுத் திருகை இறுக்குங்கள். முனைக்கு ஈயம் வைக்கவே (சால்டர் செய்யவே) வேண்டாம். திருகின் அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி இணைப்பு தளர்ந்துவிடும். வெளியே நீட்டும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப் போய்விடலாம், கூர்ந்து பாருங்கள். ஒயர் நுழையும் இடத்தில் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டுச் சூடாக்கினால் ஈரம் ஏறாது.