ஜாங்கோவை நிறுவும் முறை விண்டோஸ், மேக், லினக்ஸில் ஏன் வேறுபடுகிறது?

ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட வலைச் சட்டகம். பயனர் உள்நுழைவு, தரவுத்தளத் தொடர்பு, நிர்வாகப் பக்கம் என்று பெரும்பாலான இணையதளங்களுக்கு வேண்டியவற்றை முன்பே எழுதி வைத்திருக்கும் கோப்புத் தொகுப்பு. 2005 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

அந்தக் கோப்புகள் மூன்று இயங்குதளங்களிலும் ஒன்றேதான். மாறுவது, அங்கே பைத்தான் யாருடையது என்பது. விண்டோஸில் அது உடன் வருவதில்லை. நாமே நிறுவ வேண்டும். மேக்கிலும் நிலைமை ஏறக்குறைய அதேதான்: பழைய பைத்தான் 2-ஐ 2022-இல் வந்த 12.3 பதிப்பு நீக்கிவிட்டது.

லினக்ஸ்தான் சுவாரசியமானது. அங்கே இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானை நம்பியே ஓடுகின்றன. நாம் ஏதேனும் தொகுப்பை மாற்றிவைத்தால் அவை முடங்கக்கூடும். அதனால் உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளின் புதிய பதிப்புகள், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளையால் நேரடியாக நிறுவ விடுவதில்லை. வாடகை வீட்டின் பொதுச்சுவரை நம் விருப்பப்படி இடிக்க முடியாதல்லவா, அதுபோல.

தீர்வு, மெய்நிகர் சூழல்: உங்கள் திட்டத்துக்கென்று ஒரு தனி அறை. உள்ளே எதை மாற்றினாலும் வெளியே பாதிப்பில்லை. மற்ற இரண்டிலும்கூட இதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதை இயக்கும் கோப்பு விண்டோஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையிலும் மற்றவற்றில் 'பின்' கோப்புறையிலும் இருக்கும், வேறுபாடு அவ்வளவே.

லினக்ஸ் மறுக்கும்போது கட்டளைக்கு முன், நிர்வாகி அனுமதியோடு இயக்கச் சொல்லும் 'சூடோ' சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மறுப்பு அனுமதிக் குறைவால் வருவதன்று, சூடோ சேர்த்தாலும் அதே பிழைச்செய்திதான் வரும்.