சீலா தீர்ந்ததா, சீலாவே கிடையாதா?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அண்ணனின் மீன் கம்பெனிக்கு இணையப் பக்கம் செய்திருக்கிறேன். சீலா விற்றுத் தீர்ந்து இருப்பு 0 ஆனதும், 'இந்த மீன் எங்களிடம் கிடையாது' என்று காட்டுகிறது. இஃப் (இருப்பு.சீலா) என்றுதான் எழுதியிருக்கிறேன். எங்கே தவறு?"

ஐஸ் பெட்டி காலி என்பது வேறு, அந்த மீனுக்குப் பெட்டியே வைக்கவில்லை என்பது வேறு. உங்கள் வரி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. சீலா என்ற பெயர் பதிவில் உண்டா என்று கேட்க நினைத்தீர்கள். இணையப் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி பார்த்ததோ அதன் மதிப்பை. இஃப்புக்குள் 0, வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை), நல் (மதிப்பு எதுவும் இல்லை), அன்டிஃபைன்ட் (மதிப்பு வரையறுக்கப்படவில்லை) எல்லாமே 'இல்லை'தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது உங்கள் பட்டியலில் பாதி மீன் காணாமல் போயிருக்கும்.

'சீலா' இன் இருப்பு என்று எழுதினால் 0 தொல்லை தீரும். ஆனால் 'இன்' என்ற இந்த ஆங்கிலச் சொல், பரம்பரைச் சொத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும். உங்கள் தேடல் பெட்டியில் ஒருவர் ஆங்கிலத்தில் டூஸ்ட்ரிங் என்று அடித்தால், அப்படியொரு மீன் உண்டு என்று அது சொல்லிவிடும். உங்கள் இருப்புப் பட்டியல் போன்ற சாதாரண ஆப்ஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் டூஸ்ட்ரிங் என்ற செயல்கூறு மூதாதையிடமிருந்து வருவது.

ஆகவே ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன்(இருப்பு, 'சீலா') என்று எழுதுங்கள். தனக்கென்று உள்ளதை மட்டும் பார்க்கும். ஜாவாஸ்கிரிப்டின் 2022ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்தது. மிகப் பழைய கைபேசிகளுக்கு மட்டும் அதன் பழைய வடிவமான ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி தேவைப்படும்.

மீன் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. பாம்பனில் ஒரு கடைக்குப் பக்கம் செய்தபோது நானே விழுந்தேன். பட்டியலில் கொடுவா கண்ணெதிரே நிற்கிறது, ஹேஸ்ஓன் இல்லை என்கிறது. அரை நாள் போயிற்று. கடைசியில் இரண்டு கொடுவாவின் நீளத்தையும் கேட்டேன்: ஒன்று 6 குறியீடு, மற்றது 7. ஒரு விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே குறியீடாக அனுப்புகிறது, இன்னொன்று கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்புகிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. நார்மலைஸ் என்ற செயல்கூறு இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். பெயரைப் பட்டியலில் சேர்க்கும்போதும் தேடும்போதும், இரு முனையிலும் அதைப் போடுங்கள், கூடவே ஓரத்து இடைவெளியை வெட்டும் ட்ரிம்மையும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய பெயர்களின் வாலில் எப்போதும் ஓர் இடைவெளி தொங்கிக்கொண்டிருக்கும்.