இரவு வெளியே போன இடத்தில் அப்பாவுக்குத் திடீரென்று சீனி இறங்கி மயக்கம் வரப் பார்த்தது. இனி அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் விடுவதுதான் நல்லதா?

இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் அப்பா சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர், சாப்பாடு பிந்தியிருக்கும், இப்போது சொந்தக்காரர் எல்லாரும் "வயது போனவரை இரவில் ஏன் இழுத்துக்கொண்டு திரிகிறீர்கள்" என்று கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

பௌத்தரின் வெசாக் பண்டிகை இரவு. பிள்ளைகளுக்குக் கங்காராமை விகாரைப் பக்கம் வெசாக் கூடுகளையும் பேரை வாவி விளக்குகளையும் காட்டிவிட்டு, கொள்ளுப்பிட்டியில் சாப்பிட்டுத் திரும்பலாம் என்று வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டோம். அப்பா எந்த நாளும் போல நேரத்துக்குக் குளிசையைப் போட்டுக்கொண்டு ஏறினார். வெசாக் நேரத்தில் காலி வீதி எப்படி இருக்கும் என்று கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அவருடைய சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாங்கள் சனத்துக்குள்தான் நின்றோம்.

முதலில் அவருக்குக் கோபம் வந்தது. கோபப்படுகிற மனிதரே இல்லை அவர். கையைப் பிடித்த பேத்தியைத் தட்டிவிட்டார். பார்த்தால் சேட்டு முதுகோடு நனைந்து ஒட்டியிருக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, என்னை அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பக்கத்தில் நின்ற ஒருவர் "குடித்திருக்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வாழ்நாளில் தொட்டறியாத மனிதர்.

அவரை நடைபாதை ஓரத்தில் இருத்தினோம். எதிரே ஒரு தன்சலில், வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடும் பானமும் கொடுக்கிற பந்தலில், பெடியன்கள் சிவப்புச் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும், ஒரு பெடியன் வரிசையை விலக்கிக்கொண்டு இரண்டு கோப்பையோடு வந்தான். அப்பாவுக்கு முன்னால் குந்தியிருந்து, கோப்பையைத் தானே பிடித்து, மிடறு மிடறாகக் குடிக்கவைத்தான். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பார்வை தெளிந்தது. "சாப்பிடவில்லையா இன்னும்?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அப்படியே ஓட்டோ பிடித்துத் தேசிய வைத்தியசாலைக்குப் போனோம். தெளிந்துவிட்டாரே என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அப்பா போடுவது கிளிக்ளசைட். அந்த வகைக் குளிசை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஏறிய சீனி சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம் என்றுதான் அவரை இரவு முழுக்க மறித்து வைத்துப் பார்த்தார்கள். மெட்போமின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அரிது.

விடிந்ததும் கனடாவிலிருந்து அண்ணாவின் போன். "ஏன் அவரைக் கூட்டிக்கொண்டு போனாய்?" சுகமா என்று கேட்கும் முன்னே இந்தக் கேள்வி. தூரத்தில் இருக்கிறவர்களின் பயம் எனக்கு விளங்கும், காசும் அனுப்புகிறார், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்பாவை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் பின்னேரம் முழுக்க பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறவள் நான். வெளியே போனதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் நேரம் இழுபட்டதால் ஆனது. வீட்டில் சோறு பிந்தினாலும் இதேதான் நடக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் தருகிற குளிசை உறையில் எப்போது போடுவது என்று சிங்களத்தில் மட்டும் கிறுக்கியிருக்கிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆயிற்று. இன்னும் "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுத ஒரு ஆள் இல்லையா? ஒவ்வொரு உறையிலும் நானே தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். எங்கே போனாலும் குளிசை பையில் வரட்டும், சாப்பாடு மேசைக்கு வந்த பிறகு போடட்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால், விழுங்க முடிகிற நிலையில் இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, ஒரு சின்ன நெக்டோ சோடாவோ கொடுங்கள். டயட் சோடா உதவாது, சொக்லேட் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடத்தில் மெஷினில் பாருங்கள், 70 mg/dLக்குக் கீழே என்றால் திரும்பக் கொடுங்கள். பிறகு சோறோ பாணோ. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 1990க்கு அடியுங்கள். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் அது, காசு இல்லை. வாய் கோணினாலோ ஒரு கை விழுந்தாலோ பாரிசவாதமாக இருக்கலாம், உடனே அடியுங்கள்.

"சீனி வருத்தக்காரருக்குச் சீனியா?" என்று கீழே யாராவது கேட்பீர்கள். ஆம், இறங்கிய நேரத்தில் அதுதான் மருந்து. நான் டொக்டர் இல்லை, அளவைக் கூட்டிக் குறைக்கச் சொல்லவுமில்லை. உங்கள் அப்பா போடுவது எந்தக் குளிசை, சாப்பாடு பிந்தினால் என்ன செய்வது என்று அடுத்த கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள்.