எட்டு இரவுக்கு 56,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: இயந்திர உதிரிபாக நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். சென்னை, புனே என்று அலைந்ததில் இந்த ஆண்டு இதுவரை மாரியட் குழும ஓட்டல்களில் 38 இரவுகள் தங்கியிருக்கிறேன். டிசம்பருக்குள் அலுவலகச் செலவில் இன்னும் நான்கு சேரும். அடிக்கடி தங்குகிறவர்களுக்குச் சலுகை தரும் அவர்களுடைய ‘பான்வாய்’ திட்டத்தில் பிளாட்டினம் தகுதி பெற 50 இரவுகள் வேண்டும். மீதமுள்ள எட்டு இரவுகளுக்குக் கோவையிலேயே, வரியுடன் இரவுக்கு 7,000 ரூபாய் வீதம், கைக்காசில் அறை எடுக்கலாமா? ஜனவரியில் பதவி உயர்வு வருகிறது. அதன்பின் மாதம் ஓரிரவு வெளியூர் போனாலே அதிகம். வீட்டில் சிரிக்கிறார்கள். (வாசகர், கோவை)

பதில்: வீட்டில் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. பிளாட்டினம் என்பது இந்த ஆண்டின் அலைச்சலால் கிடைத்தாலும், அதன் பலனை அனுபவிப்பது அடுத்த ஆண்டின் பயணங்களில்தான். உங்களுக்கோ அலைச்சல் குறையும் நேரம் பார்த்து அந்தத் தகுதி வந்து சேரப்போகிறது.

அடுத்த ஆண்டு பன்னிரண்டு இரவுகள் தங்குவதாகவே வைத்துக்கொள்வோம். இரவுக்கு அதே 7,000 வீதம் ஆகும் 84,000 ரூபாய் என்பது ஏறத்தாழ 950 டாலர். பிறகு பணத்துக்குப் பதிலாக அறை எடுக்கப் பயன்படும் புள்ளிகள், டாலருக்குப் பத்து வீதம், 9,500 கிடைக்கும். 25 இரவுகளைத் தாண்டிவிட்டதால் ஏற்கெனவே உங்களிடம் உள்ள, பிளாட்டினத்துக்கு ஒரு படி கீழான கோல்டு தகுதிக்கு இதன்மேல் 25 சதவீதம் கூடுதல், பிளாட்டினத்துக்கு 50 சதவீதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2,400 புள்ளிகளுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு நல்ல ஓட்டலில் ஓரிரவுகூடத் தங்க முடியாது.

பிளாட்டினத்தின் பெரிய கவர்ச்சி காலை உணவும், உட்கார்ந்து இளைப்பாறும் தனிக்கூடமான லவுஞ்ச் வசதியும், மாலை நான்கு மணிக்கு அறையைக் காலி செய்யும் சலுகையும். ஆனால் நம் நாட்டில் நிறுவனங்கள் பேசி வைத்திருக்கும் கட்டணங்களில் பெரும்பாலும் காலை உணவு சேர்ந்தே இருக்கும். உங்கள் பழைய பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள், அந்த இட்லிக்கும் பொங்கலுக்கும் உங்கள் நிறுவனம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கக்கூடும். பிளாட்டினத்துக்காகப் பெரிய சூட் அறை கிடைப்பதும் அன்றைக்கு அது காலியாக இருப்பதைப் பொறுத்தது. கிடைத்தாலும், இரவு பத்து மணிக்கு வந்து காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறவருக்கு அதன் வரவேற்பறை எதற்கு? குடும்பத்துடன் போனால் பயன்படுமே என்று தோன்றலாம். லவுஞ்சில் உறுப்பினருடன் ஒருவருக்குத்தான் இடம் என்பது பொது விதி. இரண்டு குழந்தைகள் இருந்தால் அங்கேயும் கணக்கு உதைக்கும்.

அப்படியும் ஆசை விடவில்லையென்றால், 56,000 ரூபாயில் கைவைப்பதற்கு முன் எச்.டி.எஃப்.சி. வங்கியின் மாரியட் கடன் அட்டையைப் பாருங்கள். 3,000 ரூபாயும் வரியுமான ஆண்டுக் கட்டணத்துக்கு அது 10 எலைட் இரவுகளை, அதாவது தங்காமலேயே தகுதிக்கு எண்ணப்படும் இரவுகளை, கணக்கில் ஏற்றுகிறது. 15,000 புள்ளிகள் வரை மதிப்புள்ள ஓர் இலவச இரவும் தருகிறது. உங்கள் 42 இரவுகளோடு அது சேர்ந்தால் 52. அட்டை கைக்கு வந்து, அந்த இரவுகள் டிசம்பர் 31-க்குள் ஏறுமா என்பதை மட்டும் வங்கியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி 1 அன்று எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். இந்தச் செலவை நான் தடுக்க மாட்டேன். இலவச இரவை உருப்படியாகப் பயன்படுத்தினாலே கட்டணம் திரும்பிவிடும். சொந்த ஊரில், சொந்தக் கட்டிலை விட்டுவிட்டு, பெட்டியோடு போய் எட்டு இரவு படுத்து வருவதைத்தான் தடுக்கிறேன்.

இந்த 42 இரவுகளில் சேர்ந்த புள்ளிகள் உங்களிடம் சும்மா கிடக்கின்றன அல்லவா? தொடர்ந்து 24 மாதங்கள் கணக்கில் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் அவை காலாவதியாகிவிடும். பள்ளி விடுமுறையில் வீட்டாரை அழைத்துக்கொண்டு போக, அவற்றைக் கொண்டே அறை பதிவு செய்யுங்கள்.