வெண்டி முற்றும் முன்

வாசகர் கடிதம்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து சிறிது தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். நானும் மாமியும் இரண்டு பிள்ளைகளும் இங்கே இருக்கிறோம். பின்வளவில் ஐந்து பேர்ச் அளவு மணல் நிலம் சும்மா கிடந்தது. மரக்கறி விலையை நினைத்து, சென்ற மே மாத இறுதியில் அதில் வெண்டி, கத்தரி, பயிற்றை, தக்காளி ஆகியவற்றை நட்டோம். மாட்டெரு போட்டு, காலையும் மாலையும் கிணற்று நீர் ஊற்றினோம்.

தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டியது. ஒரு காய்கூட நிற்கவில்லை. வெண்டியும் பயிற்றையும் தொடக்கத்தில் நன்றாகக் காய்த்தன. பிள்ளைகளுக்கு விடுமுறை நாள் என்பதால் சனிக்கிழமை தோறும் எல்லோரும் சேர்ந்து பறிப்போம். மூன்று நான்கு கிழமைகளுக்குப் பிறகு காய்ப்புக் குறைந்தது. செடி பச்சையாக நின்றபடியே பூப்பதை நிறுத்திவிட்டது. கிடைத்த வெண்டிக்காய்களும் நார் பற்றிக் கத்திக்கு அடங்காமல் இருந்தன. பிஞ்சில் பறிப்பது பாவம், காயை வளர விட்டால்தான் செடியும் செழிக்கும் என்பது மாமியின் எண்ணம். அயலவர்களில் சிலர் கண்ணூறு என்கிறார்கள், சிலர் எனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள். குறை மண்ணிலா, நீரிலா, பசளையிலா என்று சொல்வீர்களா? மறுபடியும் தொடங்க விரும்புகிறேன், ஆனால் மனம் தயங்குகிறது.

உங்கள் வாசகி,
உப்புவெளி

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

மண்ணையும் நீரையும் பசளையையும் பற்றிக் கேட்டிருக்கும் நீங்கள், கடிதத்தின் நடுவில் ஒரே வாக்கியத்தில், சனிக்கிழமை தோறும் பறிப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பதில் எழுத வேண்டியது அந்த வாக்கியத்துக்குத்தான். உங்கள் வெண்டியும் பயிற்றையும் காய்ப்பை நிறுத்தியதற்குக் கைராசியைக் குறை சொல்ல எந்த நியாயமும் இல்லை. காய்கள் தேவைக்கு மேற்பட்ட நாட்கள் செடியில் இருந்துவிட்டன.

வெண்டிப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். அந்த நாளிலிருந்து எண்ணினால் ஐந்தாம் ஆறாம் நாளில், நுனியை ஒடித்தால் சட்டென்று முறியும் பதத்தில் காய் இருக்கும். நமது வெயிலில் ஏழெட்டு நாட்களுக்குள் நார் ஏறத் தொடங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு நேரம் அவித்தாலும் அந்த நார் இளகாது. சனிக்கிழமை நீங்கள் பறித்து முடித்தபின் ஞாயிற்றுக்கிழமை பதத்துக்கு வந்த ஒரு காய், அடுத்த சனிக்கிழமை உங்கள் கைக்கு வரும்போது மேலும் ஆறு நாட்கள் முற்றியிருக்கும். அதை எந்தக் கத்தியாலும் அரிய முடியாது.

காயின் சுவை கெடுவதோடு இது நின்றுவிட்டால் நான் இவ்வளவு வற்புறுத்தமாட்டேன். செடி காய்ப்பது விதைக்காகத்தான். காய்க்குள் விதை முற்றத் தொடங்கியதும், இலைகள் ஆக்கும் உணவின் பெரும்பங்கை அந்தக் காய் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது; மேலே அரும்பும் மொட்டுகளுக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது; விதைகளில் சுரக்கும் வளர்ச்சிப் பொருள்கள் புதிய பூக்கள் தோன்றுவதை அடக்கவும் செய்கின்றன. ஒரு செடியில் இரண்டு மூன்று காய்கள் முற்றினாலே அதன் வேகம் தணிந்துவிடும். காய்களை இளம்பதத்தில் எடுத்துக்கொண்டே வந்தால், அது விதைக்காக மறுபடியும் மறுபடியும் பூக்கிறது. செடி பச்சையாக நின்றபடியே பூப்பதை நிறுத்தியது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே இதைச் சொல்கிறேன். நீரோ பசளையோ போதாமல் இருந்திருந்தால், இலைதான் முதலில் வாடியோ வெளிறியோ காட்டியிருக்கும்.

இதை நான் கண்ணால் கண்டது 2022ஆம் ஆண்டில். எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றே நாட்கள் கழிந்த காலம் அது. அந்த ஆண்டு ஜனவரியில் இரண்டு வரிசை வெண்டி போட்டிருந்தேன். ஒரு வரிசை கிணற்றுக்குப் போகும் வழியிலும் மற்றையது பின்வேலியோரத்திலும் இருந்தன. விதையும் எருவும் நீரும் இரண்டுக்கும் ஒன்றுதான். கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் வழியில் இருந்த வரிசையில் மனைவியின் கை பட்டது. இரண்டு நாளுக்கு ஒரு முறை ஏழெட்டுக் காய்கள் குசினிக்கு வந்தன. வேலியோர வரிசையை நாங்கள் நேரம் கிடைத்தபோது மட்டுமே பார்த்தோம். மார்ச் இறுதியில் அந்த வரிசை விறைத்த காய்களைத் தாங்கியபடி ஓய்ந்துவிட்டது. வழியில் நின்ற வரிசை சித்திரை வருடப்பிறப்பு கழிந்து மே மாதத்திலும் காய்த்துக்கொண்டிருந்தது. எங்கள் கை எட்டிய வரிசை பிழைத்தது என்று சொல்வதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அதன்பின், அடிக்கடி பறிக்க வேண்டிய பயிர்களை நடமாடும் வழியிலேயே நடுகிறேன். நீங்களும் வெண்டியையும் பயிற்றையையும் கிணற்றடிக்கோ குசினி வாசலுக்கோ பக்கத்தில் கொண்டுவாருங்கள். மரவள்ளியும் முருங்கையும் வேலியோரத்தில் நின்றால் போதும்.

ஒவ்வொரு பயிரும் தன் பதத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும். பயிற்றங்காயில் விதைகள் வெளியே புடைத்துத் தெரிவதற்கு முன் பறிக்க வேண்டும். அதில் பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு: காய் தொங்கும் பூங்காம்பின் நுனியில் சிறு மொட்டுகள் ஒளிந்திருக்கும், அந்தக் காம்பிலேயே மேலும் காய்கள் பிடிக்கும். காயை இழுத்துப் பறிப்பவர் காம்பையும் சேர்த்துப் பிய்த்து, அடுத்த கிழமைக் கறியையும் இழந்துவிடுகிறார். ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு மற்றைய கையால் காயை மட்டும் கிள்ளி எடுக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். கத்தரியில் தோலின் மினுமினுப்பைப் பார்க்க வேண்டும். பெருவிரலால் மெல்ல அமுக்கினால் பள்ளம் உடனே நிமிர்ந்துகொள்ளும் காய் நல்ல பதம். மினுக்கு மங்கி, பள்ளம் அப்படியே நின்றால் உள்ளே விதை கறுத்துவிட்டதென்று கொள்ளலாம். கத்தரியின் காம்பு வலியது. அதைக் கையால் முறுக்கினால் கிளையே கிழிந்துவிடும் என்பதால், கத்தியால் காம்போடு வெட்டி எடுங்கள். பச்சை மிளகாயையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை எடுத்துவிட வேண்டும். செடியில் பழுக்க விட்டால் பூ குறையும்.

பறிப்பதற்கு விடியற்காலையே உகந்தது. இரவு முழுவதும் குளிர்ந்து நீர் ஏறிய காய் அப்போது இறுக்கமாக இருக்கும். வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் காலத்து வெயில் ஏறியபின் பறித்தது, மாலைக்குள் சுருங்கிவிடும். நகரத்துக்குள் இருக்கும் எனக்கு வேறொரு காரணமும் உண்டு. கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் தெருக்களில் உலவுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குப் பயிற்றங்கொடியின் தளிரில் தனி விருப்பம். விடியலில் ஒரு முறை தோட்டத்தைச் சுற்றிவந்தால், வேலியில் எங்கே சந்து விழுந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மாமியின் எண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிஞ்சைப் பறிக்கக் கூசும் மனத்தை நான் மதிக்கிறேன். அது பழைய தோட்டங்களில் வளர்ந்த மனம். அந்தத் தோட்டங்களில் பூசணியும் நீற்றுப்பூசணியும் முதன்மையாக இருந்தன; அவற்றுக்கு மாமியின் விதி முழுக்கவும் சரியானது. பூசணிக்காயை, காம்பு காய்ந்து தக்கைபோல் ஆகி, தோலில் நகம் பதியாத நிலை வரும்வரை கொடியிலேயே விட வேண்டும். அப்படி முற்றிய காய் வீட்டுக்குள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். வெண்டி, பயிற்றை, கத்தரி, பாகல், புடோல் ஆகியவற்றை நாம் விதை முற்றாத பருவத்தில் உண்கிறோம். அவற்றுக்கு அந்த விதி பொருந்தாது. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்னால் மாமி ஏற்றுக்கொள்வார் என்றே நினைக்கிறேன். கண்ணூறு என்று அயலவர் சொல்வதற்கும் நீங்கள் கலங்க வேண்டியதில்லை. பூசணிப் பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அழுகிவிடும் என்று என் தாயாரும் சொல்வார். அப்படி அழுகும் பிஞ்சுகளில் பல, ஆண்பூவின் மகரந்தம் கிடைக்காத பெண்பூக்களின் பிஞ்சுகள். காலை ஏறுவதற்குள் பூசணிப் பூ கூம்பிவிடும். அதற்குமுன் ஓர் ஆண்பூவைக் கொய்து, இதழ்களைக் களைந்து, பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால் பெரும்பாலான பிஞ்சுகள் நின்றுவிடும்.

உங்கள் தக்காளியின் கதை வேறு. அதற்கு நீங்கள் தொடங்கிய மாதமே காரணம். திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், வாடையோடு வந்து சேர்கிறது. மே மாதத்திலிருந்து கச்சான் அடிக்கத் தொடங்கினால், மண்ணிலும் இலையிலும் உள்ள ஈரத்தை அது உறிஞ்சிவிடும். இரவிலும் வெக்கை தணியாத அந்த மாதங்களில் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூ கருக்கட்டாமலே உதிர்கிறது. எவ்வளவு நீர் ஊற்றினாலும் இரவின் வெக்கையை நம்மால் குறைக்க முடியாது. 2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. அந்த நோக்கத்தை நான் மனதார வரவேற்றேன். ஆனால் ஜூன் மாதம் நமது மாவட்டத்தில் கச்சானின் மாதம். முதல் முறையாக மண்வெட்டி பிடித்த எத்தனையோ பேர் அந்த வெக்கையில் முதல் தோல்வியைக் கண்டு, தோட்டமே தமக்குச் சரிவராது என்று விட்டுவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. நீங்களும் அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே அடுத்த முறை செப்டெம்பரில் தொடங்குங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நிழலில் நாற்றுமேடை போட்டு, ஒக்டோபரில் முதல் மழை நிலத்தை நனைத்தபின் நடுங்கள். நவம்பர், டிசெம்பர் அடைமழையில் வேர் அழுகாதிருக்க, பாத்தியை ஒரு சாணாவது உயர்த்த வேண்டும். வெண்டிக்கும் பயிற்றைக்கும் அவசரம் வேண்டாம். டிசெம்பர் கடைசியில், மழை தணியும் தறுவாயில் விதைத்தால் பெப்ரவரியிலிருந்து பறிக்கலாம். தக்காளி நாற்றை நவம்பர் இறுதியில் போட்டால், குளிர்ந்த இரவுகளில் பூ நிற்கும். மார்ச்சில் வெயில் ஏறியதும், தக்காளி நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்து, வீட்டுக்குள் நிழலில் பழுக்க வையுங்கள். கடும் வெப்பத்தில் செடியிலேயே விட்ட பழம் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றுவிடும். கச்சான் மாதங்களில் உங்கள் ஐந்து பேர்ச்சையும் நனைக்கப் பாடுபடாமல், கிணற்றடியில் சிறிய கீரைப் பாத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மணலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாத்திக்குக் கீழே ஒன்றரை அடி ஆழத்தில் தேங்காய்ப் பொச்சுகளை அடுக்கி, மேலே மாட்டெருவும் மக்கிய இலையும் கலந்த மண்ணைப் போடுங்கள். கீழே ஓடிவிடும் நீரைப் பொச்சு பிடித்து வைத்திருக்கும். மேற்பரப்பைக் காய்ந்த இலையாலோ வைக்கோலாலோ மூடிவிடுங்கள். உப்புவெளிக் கிணறுகளில் நீரை எடுக்கும்போது அவதானம் தேவை. கரையோர மணலில் மழைநீர், கீழே இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டாரை நீண்ட நேரம் ஓடவிட்டால் நன்னீர்ப் படை மெலிந்து உவர்நீர் மேலே ஏறிவிடும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு, கடல்நீர் புகுந்த கிணறுகளை இறைத்து இறைத்துத் துப்புரவாக்க முயன்ற சில இடங்களில் உவர் கூடியதற்கும் இதுவே காரணம். வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது உங்கள் கிணற்றுக்கும் நல்லது. நீர் சற்றே கரித்தால் போஞ்சியையும் வெங்காயத்தையும் தவிர்த்துவிடுங்கள். அவை உப்பை அறவே தாங்கா.

கடைசியாக, காயை முற்ற விடும் வேலையை மாமியிடமே ஒப்படையுங்கள். வெண்டியில் ‘ஹரித’, ‘எம்.ஐ.5’ போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை இனங்களை வாங்கினால், அவற்றின் விதையை வைத்து அடுத்த ஆண்டும் அதே இனத்தைப் பயிரிடலாம். கலப்பின விதையில் அப்படிச் செய்ய முடியாது. நன்றாகக் காய்த்து ஓய்வுக்கு வரும் செடிகளில், நோயற்ற இரண்டை மாமி தெரிவு செய்யட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு காய்களில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டால், பிள்ளைகள் தவறிப் பறிக்கமாட்டார்கள். அந்தக் காய்கள் பழுப்பு நிறமாகி, விளிம்பு வெடிக்கத் தொடங்கியதும் எடுத்து, விதைகளை நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பல் கலந்து காற்றுப் புகாத போத்தலில் போட்டு, இனத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். டிசெம்பர் கடைசியில் உங்களுக்கு அது தேவைப்படும்.

அன்புடன்.