ரேங்க் போன பிறகு நான் யார்?

கேள்வி: இருபது வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வெளியே வந்து எட்டு மாதமாகிறது. பென்ஷன் வருகிறது, பணக் கஷ்டம் இல்லை. ஆனால் காலையில் எதற்கு எழுந்தோம் என்றே தெரியவில்லை. வீட்டில் வாயைத் திறந்தால் சண்டை. என்ன செய்வது?

பதில்: உங்களை விட்டுப் போனது வேலை மட்டுமல்ல. எப்போது எழுவது, யாரோடு சாப்பிடுவது, யார் சொன்னால் கேட்பது எல்லாவற்றையும் யூனிட்தான் முடிவு செய்துகொண்டிருந்தது. அது ஒரே நாளில் நின்றுபோனால் தடுமாற்றம் வரத்தான் செய்யும். 'நான் யார்' என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைக்கிற கேள்வி அல்ல அது. முதலில் நாளைச் சரிசெய்வோம்.

ஒரு நோட்டு எடுங்கள். 7 நாளைக்கு, மணிக்கு ஒரு வரி: என்ன செய்தீர்கள், அதில் திருப்தி எவ்வளவு, 0 முதல் 10 வரை மதிப்பெண். அவ்வப்போதே எழுதிவிட வேண்டும். ராத்திரி மொத்தமாக எழுதினால் அந்த நேரத்து மனநிலையில் எல்லாமே 2, 3 என்றுதான் விழும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு சைக்கிள் செயின் மாட்டிக் கொடுத்தது 8 வாங்கியிருக்கலாம். மூன்று மணி நேரம் பார்த்த செய்தி சேனல் 1 வாங்கியிருக்கலாம். அதிகம் வாங்கியதை அடுத்த வாரம் நாளும் நேரமும் குறித்து இரண்டு முறை செய்யுங்கள். மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். செய்யத் தொடங்கிய பிறகுதான் அது வரும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: காலை 5 முதல் இரவு 10 வரை டியூட்டி சார்ட் போட்டு, சில நாளிலேயே கைவிட்டுவிடுவார்கள். மூன்று போதும். எழும் நேரம், உடற்பயிற்சி, வாரம் இரண்டு முறை போகிற ஓர் இடம். நீங்கள் வராவிட்டால் 'ஏன் வரவில்லை' என்று யாராவது கேட்கிற இடமாக இருக்கட்டும். அங்கே முதல் 3 மாதம் பதவி எதையும் ஏற்காதீர்கள். ஏற்றால் பழைய ரேங்க்கையே வேறு பெயரில் மாட்டிக்கொள்வீர்கள்.

நீங்கள் இல்லாத வருடங்களிலும் உங்கள் வீடு தனக்கென்று ஒரு முறையோடு ஓடியிருக்கிறது. யோசனை சொல்வதை நிறுத்திவிட்டு, பில் கட்டுவது மாதிரி ஒரு வேலையை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். மேற்பார்வை பார்ப்பது அந்தக் கணக்கில் வராது.

வேலை தேடினால் பயோடேட்டாவில் படைப்பிரிவின் பெயரைவிட, எத்தனை பேர், எத்தனை வண்டி, எவ்வளவு சரக்கு உங்கள் பொறுப்பில் இருந்தது என்பதுதான் முதலில் வர வேண்டும்.

தூக்கத்துக்காகக் குடிக்காதீர்கள். மது சீக்கிரம் தூங்க வைத்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். கெட்ட கனவுகள், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது ஒரு மாதத்தைத் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அன்றே போக வேண்டும், தனியாக அல்ல. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதை உங்கள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்தச் சொல்லிவிடுங்கள்.