மூன்றாம் சீசனோடு கதை முடியவில்லை

'தி மிண்டி ப்ராஜெக்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் மூன்றாம் சீசன், இந்தியாவில் நாயகி மிண்டியின் பெற்றோர் வீட்டுக் கதவை அவள் காதலனும் சக மருத்துவருமான டேனி தட்டுவதோடு நின்றுவிட்டதால், டிவிடி வட்டில் ஏதும் விடுபட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். வட்டில் குறையில்லை. 2015-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி தொடரைக் கைவிட, ஹூலு என்ற இணைய ஒளிபரப்புத் தளம் அதை எடுத்துக்கொண்டு 2017 வரை மேலும் மூன்று சீசன்களை வெளியிட்டது. ஆகவே நான்காம் சீசனைத் தனியாகத் தேடுங்கள். அதன் முதல் எபிசோடில் டேனியின் கதை அந்த வீட்டிலேயே தொடர்கிறது. நியூயார்க் மகப்பேறு மருத்துவமனையில் பங்குதாரர்களான மருத்துவர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் காட்சிகளே உங்களுக்குப் பிடித்தவை என்றால், நான்காம் சீசனின் பிற்பகுதியிலிருந்து டேனி அரிதாகவே தலைகாட்டுவது சற்று ஏமாற்றமளிக்கக்கூடும். ஆயினும், செவிலியர் மார்கன் கடைசிவரை இருக்கிறார்.